வளவுக்குள் கதிர்வீச்சு என்று கதை பரவினால்: பழைய கதிரியக்க மாசைத் தேடும் முறை

சென்ற ஆண்டு இலங்கையின் வன்னியிலுள்ள விசுவமடுவில், எனக்குப் பெரியம்மா முறையான ஒருவரின் வீட்டுக்குக் கனடாவிலிருந்து பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். இணையத்தில் வாங்கிய, கைக்கு அடக்கமான கதிர்வீச்சு மானி ஒன்றும் அவனோடு வந்திருந்தது. விறாந்தையில் அது 0.12 என்று காட்டியது. முற்றத்து மணலில் நடந்தபோது 0.30 ஆனது. சாமான் அறையின் மரத்தட்டுக்கு அருகே கொண்டுபோனபோது 0.40 ஐத் தொட்டு, விடாமல் ஒலிக்கத் தொடங்கியது. அன்று பின்னேரமே கதை படலையைத் தாண்டிவிட்டது. அடுத்த கிழமை, அந்தக் காணியின் கிழக்குத் துண்டை வாங்குவதற்குப் பேசி முடித்திருந்தவர், "வளவுக்குள் கதிர்வீச்சாம், வேண்டாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

நான் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே கூடியிருந்தவர்களோடு கதைத்தபோது, மானி காட்டிய எண்ணைவிட அவர்கள் பயன்படுத்திய சொற்கள்தான் எனக்கு அதிக கவலை தந்தன. கதிர்வீச்சு, கதிரியக்கம், இரசாயனம், நஞ்சு, போரில் போட்டது என்ற எல்லாமே ஒரே பொருளில் புழங்கின. ஒரு தனியார் காணியில் பழைய கதிரியக்க மாசு இருக்கிறதா என்று ஆராய்வது உண்மையில் எப்படி நடக்கும் என்பதை முன்னறிவு எதுவும் இல்லாதவருக்கும் விளங்கும்படி சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எவை கதிரியக்கம் அல்ல

கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வருவது வானொலி அலை. அது நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேறு. அது நின்ற இடத்தில் மண்ணையோ கிணற்றையோ கதிரியக்கமுள்ளதாக மாற்றாது. வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கூடுதலாக இருக்கும், பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையை உண்டாக்கும் புளோரைட்டு ஓர் இரசாயனப் பொருள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் உற்பத்தி செய்த கோஸ்டிக் சோடாவும் குளோரினும் அப்படியே. வெடிபொருள் எச்சமும் ஈயமும் மண்ணில் இருந்தால் அவையும் ஆராயப்படவேண்டியவைதான், ஆனால் கதிர்வீச்சு மானி அவற்றைக் காணாது. மானி அமைதியாக இருந்தது என்பதற்காக அந்தத் தண்ணீர் குடிக்க உகந்தது என்றும் ஆகாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடவேண்டும். உடைந்த வைத்தியசாலைக் கட்டடத்திலிருந்து வந்த பழைய எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தால் ஊரே ஒதுங்கிப்போகிறது. எக்ஸ்ரே இயந்திரம் மின்சாரத்தால் கதிரை உண்டாக்குவது. மின்சாரம் நின்றால் கதிரும் நிற்கும், மின்குமிழைப் போல. ஆனால் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்யும் சில பழைய இயந்திரங்களின் உள்ளே உண்மையான கதிரியக்கப் பொருள் இருக்கும். அதற்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு இரண்டும் பழைய இரும்புதான் என்பதால், பயப்படவேண்டியதற்குப் பயப்படாமலும் பயப்படத் தேவையில்லாததற்குப் பயந்தும் நடக்கிறோம்.

அடுப்பின் வெக்கையும் சாம்பலும்

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எரியும் கொள்ளி கதிரியக்கப் பொருள் போன்றது. அதிலிருந்து நம் முகத்தில் படும் வெக்கை கதிர்வீச்சு போன்றது. எழுந்து குசினிக்கு வெளியே போய்விட்டால் வெக்கை நின்றுவிடும்; நாம் வெக்கையைச் சுமந்துகொண்டு போவதில்லை. ஆனால் சாம்பல் கையிலும் சேலையிலும் ஒட்டியிருந்தால் நாம் போகும் இடமெல்லாம் அதுவும் வரும். சோற்றிலும் விழும், மூச்சிலும் ஏறும். அந்தச் சாம்பல் இன்னும் தணல் ஆறாத சாம்பலாக இருந்தால், அதுதான் கதிரியக்க மாசு.

இனி உவமையை விட்டு உண்மையான செயற்பாட்டுக்கு வருவோம். சில அணுக்களின் கரு நிலையாக இருக்காது. அது தன்னிலிருந்து ஒரு துணிக்கையையோ சக்தியையோ வெளியேற்றி வேறொன்றாக மாறும். இந்த இயல்பே கதிரியக்கம். நம் பாடசாலைப் புத்தகங்களில் இதைக் கதிர்த்தொழிற்பாடு என்று படித்திருப்பீர்கள். வெளியேறுவது கதிர்வீச்சு. அப்படிப்பட்ட அணுக்களைக் கொண்ட பொருள், இருக்கக்கூடாத இடத்தில் தூளாகவோ துண்டாகவோ கரைசலாகவோ பரவிக் கிடப்பது கதிரியக்க மாசு.

வெளியேறும் கதிர்களில் மூன்று வகைகளை அறிந்திருந்தால் போதும். அல்பாக் கதிரை ஒரு தாள் நிறுத்திவிடும். தோலையே தாண்டாது, ஆனால் அதை வெளியிடும் தூசு நுரையீரலுக்குள் போனால் அதுவே மிகக் கெட்டது. பீற்றாக் கதிரைச் சில மில்லிமீற்றர் அலுமினியம் நிறுத்தும். காமாக் கதிர் சுவரையும் மண்ணையும் ஓரளவு ஊடுருவி வரும். ஆகையால், மலிவான மானி ஒன்று ஓரடி மண்ணுக்குக் கீழே புதைந்த அல்பாப் பொருளைப் பற்றி எதுவும் சொல்லாது. மானி ஒலிக்காததும் முழுமையான விடையல்ல. ஒலித்ததும் முழுமையான விடையல்ல.

விழும் பனம்பழமும் பட்ட காயமும்

ஒரு பனந்தோப்பில் விநாடிக்கு எத்தனை பழம் விழுகிறது என்பது ஒரு கணக்கு. அடியில் நிற்பவருக்கு எவ்வளவு காயம் பட்டது என்பது வேறொரு கணக்கு. தோப்பில் ஆயிரம் பழம் விழுந்தாலும் வேலிக்கு அப்பால் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது.

விநாடிக்கு ஓர் அணு மாறினால் அது ஒரு பெக்கரல். இது விழும் பழத்தின் கணக்கு. உடலுக்கு உண்டாகக்கூடிய பாதிப்பின் அளவு சீவர்ட். அது மிகப் பெரிய அலகு என்பதால் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டையும், பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோசீவர்ட்டையும் பயன்படுத்துகிறோம். பேரனின் மானி காட்டிய 0.12 என்பது மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட்.

நம் உடலில் இயல்பாகவே உள்ள பொட்டாசியத்தின் ஒரு சிறு பகுதி கதிரியக்கமுள்ளது; வளர்ந்த ஒருவரின் உடலில் அது மட்டுமே 4,000 பெக்கரலுக்கு மேல் வரும். "மண்ணில் 400 பெக்கரல் கண்டுபிடிக்கப்பட்டது" என்று யாரேனும் பதறும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம். உலகச் சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். இதை இயற்கைப் பின்னணி என்பார்கள். இதற்கு மேலதிகமாக, மருத்துவப் பரிசோதனையும் சிகிச்சையும் தவிர்ந்த மனிதச் செயல்களால் பொதுமக்களுக்கு வரக்கூடியது ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை.

அரைவாழ்வுக்காலம் என்ற சொல்லும் வேண்டும். ஒரு கதிரியக்கப் பொருளில் பாதி மாறி முடிய எடுக்கும் காலம் அது. பாதி போனபின் எஞ்சிய பாதியில் பாதி போக அதே காலம் எடுக்கும். கோபால்ட்-60 க்கு ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல், சீசியம்-137 க்கு 30 ஆண்டு, ரேடியம்-226 க்கு 1,600 ஆண்டு, தோரியம்-232 க்கு 1,400 கோடி ஆண்டு. "பழைய" மாசு என்பதன் பொருளே இதைப் பொறுத்ததுதான். 1980 களில் தொலைந்த கோபால்ட் இன்று நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும். 1940 களில் புதைந்த ரேடியம் ஏறக்குறைய அப்படியே கிடக்கும்.

சுருக்கமாக: கதிரியக்கம் பொருளின் இயல்பு, கதிர்வீச்சு அதிலிருந்து வருவது, மாசு அந்தப் பொருள் பரவிக் கிடப்பது. பெக்கரல் பொருளைச் சொல்லும், சீவர்ட் நம்மைச் சொல்லும். எங்கும் ஒரு பின்னணி அளவு உண்டு. பூச்சியம் காட்டும் வளவு உலகில் எங்கும் இல்லை.

இந்த மண்ணில் இயல்பாகவே உள்ளவை

உலகச் சராசரி மண்ணில் ஒரு கிலோகிராமுக்குப் பொட்டாசியம்-40 சுமார் 400 பெக்கரலும், யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் குடும்பங்கள் ஒவ்வொன்றும் 30 முதல் 45 பெக்கரல் வரையும் இருக்கும். இலங்கையின் பாறைகள் மிகப் பழையவை. தோரியம் கூடிய இடங்கள் இங்கே உண்டு. கலை வரலாற்றுக்காக நாம் நினைவுகூரும் ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன்னர் இலங்கையின் கனிம அளவீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1904 இல் தோரியனைட் என்ற தோரியக் கனிமம் இந்தத் தீவிலிருந்து உலகுக்குத் தெரியவந்தது அவர் காலத்திலேயே.

வன்னிக்கு இன்னும் நெருக்கமானது கடற்கரைக் கறுப்பு மண். கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே புல்மோட்டையில் பல தசாப்தங்களாக இல்மனைட் அள்ளப்படுவது எல்லோருக்கும் தெரியும். இல்மனைட் வெறும் இரும்பும் தைத்தேனியமும். ஆனால் அதே பாரமான மணலோடு மோனசைட் என்ற கனிமமும் சிறிதளவு சேர்ந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் உண்டு. மாரிக் கடல் அலை இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய், பாரமான கறுப்பு மணலைக் கரையில் கோடு கோடாக விட்டுவிடும். சுளகில் புடைப்பது போலத்தான். அந்தக் கோட்டின் மேல் மானியை வைத்தால் அது கூடுதலாகக் காட்டும். யாரும் எதையும் அங்கே கொட்டவில்லை.

மண்ணில் மனிதர் சேர்த்த ஒன்றும் எங்கும் உண்டு. 1950 களிலும் 60 களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 மழையோடு உலகம் முழுவதும் இறங்கியது. 1963 இல் அப்படிப்பட்ட சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை வந்தது. இரண்டு அரைவாழ்வுக்காலம் கடந்துவிட்டபடியால் அன்று விழுந்ததில் கால்வாசி இன்னும் மண்ணில் இருக்கிறது. ஆய்வுகூட அறிக்கையில் சீசியம் என்ற சொல்லைக் கண்டவுடனேயே "இங்கே ஏதோ நடந்திருக்கிறது" என்று முடிவெடுப்பது தவறு. எவ்வளவு என்பதே கேள்வி.

பழைய மாசு ஒரு காணிக்குள் வரும் வழிகள்

ஸ்கொட்லாந்தின் டல்கெட்டி பே என்ற கடலோர ஊரில் 1990 இல் கடற்கரையில் ரேடியத் துகள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த விமானத்தளத்தில் பழைய விமானங்களைக் கழித்தபோது, இருட்டில் ஒளிரும்படி ரேடியச் சாயம் பூசிய மானிமுகங்களை எரித்துச் சாம்பலை நிலத்தில் கொட்டியிருந்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இதைவிட வீட்டுக்கு நெருக்கமாக நடந்தது. ரேடியத் தொழிற்சாலையின் கழிவு மண் பள்ளம் நிரப்பக் கொண்டுபோகப்பட்டு, அதன் மேல் வீடுகள் எழும்பின. மொண்ட்கிளேர் போன்ற ஊர்களில் அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1980 களின் தொடக்கத்தில்தான் அது தெரியவந்தது. இரண்டு இடத்திலும் காணிக்காரர் குற்றம் எதுவும் செய்யவில்லை. மண் வந்த வழியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வவுனியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது. அதனால் அங்கே ரேடியம் புதைந்திருக்கிறது என்று கொள்ளக்கூடாது. ஆனால் விமானத்தள ஓரக் காணி ஒன்றை ஆராய்பவர் "பழைய சாமான் எங்கே போனது" என்ற கேள்வியைக் கேட்காமல் விடவும் கூடாது.

மற்ற வழி பழைய இரும்பு. பிரேசிலின் கொயானியா நகரில் 1987 இல், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்து கதிர்ச் சிகிச்சை இயந்திரத்தின் தலைப்பகுதி கழற்றப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே இருந்த சீசியத் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதென்று வீடு வீடாகப் பங்கிட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டு மண் அள்ளப்பட்டது. 2010 இல் டில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு ஏலத்தில் வந்த ஆய்வுகூடக் கருவியொன்றின் கோபால்ட்-60 ஒரு தொழிலாளியின் உயிரைக் கொண்டுபோனது. மீள்குடியேற்றத்தின் பின் வன்னியில் பழைய இரும்பு சேர்த்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். ஆகவே இது தூரத்துக் கதையல்ல.

சிறிய வழிகளும் உண்டு. அலுவலகக் கூரைகளில் இருந்த சிலவகைப் புகை உணரிகளில் இம்மியளவு அமெரிசியம் இருக்கும். வீதி அமைப்பின்போது மண்ணின் இறுக்கத்தை அளக்கும் கருவிகளில் சீசியம் இருக்கும். இவை ஒழுங்காக இருக்கும்வரை பிரச்சினையில்லை, நொறுங்கினால்தான் பேச்சு.

தேடல் நடக்கும் விதம்

கண்ணிவெடி அகற்றுபவர்கள் வேலை செய்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி இலகுவாக விளங்கும். கருவி ஒலித்தவுடன் அவர்கள் "வெடி" என்று கத்துவதில்லை. ஒலித்த இடத்தைக் குறித்து, நிதானமாக ஆராய்ந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் ஓர் ஆணியோ வெற்றுத் தோட்டாக் கோதோ வரும். கருவியின் ஒலி ஒரு கேள்வி. அதற்கு விடை தேடும் ஒழுங்குதான் ஆய்வு.

முதல் வேலை மண்ணில் அல்ல, தாளிலும் வாயிலும் நடக்கும். காணியின் உறுதியில் உள்ள பழைய உரிமையாளர்கள் யார், அந்த இடத்தில் முகாமோ பட்டறையோ களஞ்சியமோ இருந்ததா, மேட்டை நிரப்பிய மண் எந்த ஊரிலிருந்து வந்தது, கிணறு வெட்டிய மண் எங்கே போனது என்று அயலில் உள்ள வயது போனவர்களிடம் கேட்டு எழுதவேண்டும். எனது பார்வையில் இந்தக் கட்டமே எல்லாவற்றிலும் பெறுமதியானது, எல்லோரும் தாண்டிப் போவதும் இதையே. வெடிபொருள் அகற்றப்பட்டதென்ற உறுதிப்பாடு இல்லாத நிலத்தில் கதிரியக்கத்தைத் தேடி மண்வெட்டி போடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். வன்னியில் அந்த ஆபத்து இதைவிடப் பெரியது.

இரண்டாவது, பின்னணியை அளப்பது. சந்தேகப்படும் காணியை அளக்கும் முன், அதே மண்வகை கொண்ட, சந்தேகமில்லாத வேறு சில இடங்களில் அளக்கவேண்டும். இது இல்லாவிட்டால் பின்னர் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வதற்குச் சாதாரண உடல் வெப்பம் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?

மூன்றாவது, நடந்து அளப்பது. காணியைக் கயிறு கட்டி ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் இடைவெளியில் கட்டங்களாகப் பிரித்து, கருவியை எப்போதும் ஒரே உயரத்தில் பிடித்து, மெதுவாக நடப்பார்கள். இதற்குத் தொழில்முறையாளர்கள் பயன்படுத்துவது மலிவான மானிகளில் உள்ள கைகர் எண்ணி அல்ல. காமாக் கதிர் பட்டால் மினுங்கும் பளிங்கு பொருத்திய, அதைவிடப் பல மடங்கு உணர்திறன் உள்ள கருவி. சிறு கருவியோடு ஒருவர் இதைச் செய்தால் பொறுமை இரண்டு மடங்கு வேண்டும். அணுக்கள் நேரசூசி பார்த்து மாறுவதில்லை. முதல் மழைத்துளிகள் தகரக் கூரையில் விழுவதுபோல, ஒரு நிமிடம் 18, அடுத்த நிமிடம் 27, அதற்கடுத்த நிமிடம் 21 என்று வரும். நூறு எண்ணினால் அதில் ஏறக்குறைய பத்துக்கு ஏற்ற இறக்கம் இயல்பு. பத்தாயிரம் எண்ணினால் நூறு மட்டுமே, அதாவது நூற்றுக்கு ஒன்று. ஆகவே ஒரு கணத்தில் திரையில் வந்த பெரிய எண்ணைப் படம் பிடித்து அனுப்புவது அளவீடு அல்ல.

பெரியம்மாவின் வளவில் நாங்கள் செய்தது இதன் எளிய வடிவம். ஈர்க்குக் குச்சிகளைக் குத்தி, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் மானியை வைத்து, கொப்பியில் எழுதினோம். மூன்று அயல் வளவுகளிலும் அளந்தோம்; எல்லாம் 0.11 க்கும் 0.13 க்கும் இடையில். கோடிப்புறமும் கிணற்றடியும் அப்படியே. கூடுதலாக இருந்தது இரண்டே இடத்தில்: படலையிலிருந்து விறாந்தை வரை வெள்ளை மணல் பரப்பிய முற்றமும், சாமான் அறையின் அந்த ஒரு தட்டும்.

தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். ஓட்டை விழுந்த சுளகு, பழைய காய்ச்சல் மருந்துப் போத்தல், உமிக்கரிப் பேணி. கடைசியாகத் துருப்பிடித்த பிஸ்கற் பேணி ஒன்று வந்தது. அதை வெளியே கொண்டுபோனவுடன் தட்டு 0.12 க்கு இறங்கியது. பேணிக்குள் மண்ணெண்ணெய்த் துண்டும், ஊசியும், தாள் உறை பிரிக்காத மூன்று மென்டில்களும் இருந்தன. மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் எரித்த பெற்றோல்மாக்ஸ் விளக்கின் மென்டில், அதாவது சுவாலையில் ஒளிரும்படி கட்டும் துணி வலை.

பெற்றோல்மாக்ஸ் வெள்ளையாக எரிவதற்கு, மென்டிலில் ஏற்றியிருக்கும் தோரியக் கலவைதான் காரணம். ஒஸ்திரியரான அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1891 இல் கண்ட கலவை அது: தோரியம் ஒட்சைட்டு நூற்றுக்கு 99 பங்கு, சீரியம் ஒட்சைட்டு 1 பங்கு. பிற்காலத்தில் பல உற்பத்தியாளர்கள் தோரியத்தை விட்டுவிட்டார்கள், பழையவற்றில் இருக்கும். உறைக்குள் கிடக்கும் மென்டிலால் ஆபத்து இல்லையென்றே சொல்லலாம். எரிந்தது உதிரும்போது வரும் வெண்தூளை ஊதாமல், மூச்சில் இழுக்காமல் இருப்பதே கவனிக்கவேண்டியது. ஊதித் துடைத்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம் என்பது வேறு விடயம்.

மண் ஆய்வுகூடத்துக்குப் போனால்

மானி "எவ்வளவு" என்று ஓரளவு சொல்லும். "எது" என்று சொல்லாது. எந்தப் பொருள் என்று அறிய மண்ணை எடுத்து அனுப்பவேண்டும். வழக்கமாக மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணைப் பல இடங்களில் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் பையில் எழுதுவார்கள். அயல் வளவிலிருந்து ஒப்பீட்டு மண்ணும் போகவேண்டும். ஆய்வுகூடத்தில் மண்ணை உலர்த்தி, அரித்து, காற்றுப் புகாத கொள்கலத்தில் அடைத்து ஏறக்குறைய நான்கு கிழமை வைத்திருப்பார்கள். ரேடியம் மாறும்போது ரேடன் என்ற வாயு உண்டாகிறது. அது தப்பிப்போகாமல் உள்ளே தேங்கி, அதன் வழித்தோன்றல்கள் ஒரு சமநிலைக்கு வந்தால்தான் ரேடியத்தைச் சரியாகக் கணக்கிடலாம். முடிவு வர ஒரு மாதம் ஆகிறதே, எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகிப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.

பின்னர் காமா நிறமாலைமானியில் வைப்பார்கள். காமாக் கதிரை வெளியிடும் ஒவ்வொரு வகைக் கதிரியக்க அணுவும் தனக்கே உரிய சக்தியோடு அதை வெளியிடும். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுபோல, அந்தச் சக்தியை வைத்துச் சீசியமா, தோரியக் குடும்பமா, ரேடியமா என்று பிரித்துவிடலாம்.

"போரில் போட்ட யுரேனியமாக இருக்குமோ" என்று என்னிடம் மூவர் கேட்டார்கள். கவசத்தைத் துளைக்கும் சிலவகைக் குண்டுகளில் உலகின் வேறு போர்க்களங்களில் வலுக்குறைந்த யுரேனியம் பயன்படுத்தப்பட்டது உண்மை. ஒரு மண்ணில் அது இருக்கிறதா என்பதை ஊகத்துக்கு விடவேண்டியதில்லை. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 என்ற வகை நூற்றுக்கு 0.72 பங்கு, ஏறக்குறைய எங்கு எடுத்தாலும் அப்படித்தான். வலுக்குறைந்ததில் அது 0.2 அளவுக்கு இறங்கியிருக்கும். அணுக்களைத் திணிவுவாரியாகப் பிரிக்கும் திணிவு நிறமாலைமானியால் இந்த விகிதத்தை அளந்தால் ஆம், இல்லை என்று விடை வரும். விகிதம் பார்க்காத எந்தப் பேச்சும் பேச்சு மட்டுமே.

கிணற்று நீருக்குத் தனிச் சோதனை. மொத்த அல்பா லீற்றருக்கு 0.5 பெக்கரலையும் மொத்த பீற்றா 1 பெக்கரலையும் தாண்டாவிட்டால் கதிரியக்கத்தைப் பொறுத்தவரை மேலதிகமாக ஆராயத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

இதுவரை வந்த ஒழுங்கு: காணியின் கதை, அயலின் பின்னணி, கட்டம் கட்டி நடை, மண், ஆய்வுகூடம். எஞ்சியிருப்பது, அந்த எண் மனிதருக்கு என்ன செய்கிறது என்பது.

பொருளிலிருந்து மனிதருக்கு

ஒரு பொருள் பாதிப்பு உண்டாக்க, அது மனிதரை வந்தடைய வழி வேண்டும். வெளியிலிருந்து காமாக் கதிர் படலாம், தூசாக மூச்சில் போகலாம், தண்ணீரிலும் கீரையிலும் கிழங்கிலும் ஏறி வயிற்றுக்குள் போகலாம், மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வாய்க்குப் போகலாம். வழி இல்லையென்றால் பாதிப்பு இல்லை. வழி மாறினால் கணக்கும் மாறும்.

பெரியம்மாவின் முற்றத்தையே எடுப்போம். பின்னணியைவிட மணிக்கு 0.18 மைக்ரோசீவர்ட் கூடுதல். அவர் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அங்கே கூட்டியும் கதைத்தும் இருந்தால் ஆண்டுக்கு 730 மணித்தியாலம், மேலதிகம் 0.13 மில்லிசீவர்ட். இதே மணலைப் படுக்கையறை நிலத்துக்குக் கீழே நிரப்பி, நாளுக்குப் பத்து மணித்தியாலம் அதன் மேல் இருந்திருந்தால் 0.66 ஆகியிருக்கும். ஒரே மணல், ஐந்து மடங்கு வித்தியாசம். அது நிலத்தின் கீழ் இருந்திருந்தால் அறைக்குள் தேங்கும் வாயுவையும் அளக்கச் சொல்லியிருப்பேன்.

மணல் வந்த வழியும் பின்னர் தெரியவந்தது. 2012 இல் மகளின் கலியாணத்துக்காக முற்றத்தை நிரப்ப, கடற்கரைப் பக்கமிருந்து இரண்டு உழவு இயந்திரப் பெட்டி மணல் வந்திருக்கிறது. ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தாளில் தட்டினோம். வெள்ளை மணலுக்கிடையே எள்ளுப்போலக் கறுப்பு மணிகள், அவற்றுக்கிடையே ஒன்றிரண்டு தேன்நிறத் துகள்கள்.

தெரியாத பொருள் ஒன்று கிடைத்தால்

மேலே சொன்னவை மண்ணுக்கு. ஒரு பொருளே கிடைத்தால் நடைமுறை வேறு. அளவுக்கு மீறிப் பாரமான உலோகப் பாத்திரம் அல்லது உருளை, ஈய உறை, மஞ்சளில் மூன்று இதழ்ச் சின்னம் ஆகியவை எச்சரிக்கை. 2007 இல் சர்வதேச அணுசக்தி முகவரகம் இன்னொரு சின்னத்தையும் அறிமுகப்படுத்தியது: சிவப்பு முக்கோணத்துக்குள் கதிர், மண்டையோடு, ஓடும் மனிதன். சிவப்பையும் மண்டையோட்டையும் கண்டால் அப்பால் போகவேண்டும் என்பது வன்னியில் சிறு பிள்ளைக்கும் தெரிந்ததே.

உடைக்காதீர்கள், வெட்டாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு சிறு பொருளிலிருந்து விலகும் தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும். இருபது அடி தள்ளி நிற்பதே பெரிய பாதுகாப்பு. மற்றவர்களையும் விலக்கி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவிக்கவேண்டும். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் இலங்கையில் கதிரியக்கப் பொருள்களை ஒழுங்குபடுத்துவதற்கென ஒரு பேரவையும், அளவீடு, ஆய்வுகூடச் சேவைகளுக்கென அணுசக்திச் சபையும் இருக்கின்றன. கண்டெடுத்த பொருளை அப்புறப்படுத்துவது அவர்களின் வேலை, காணிக்காரரின் வேலை அல்ல.

பெரியம்மாவின் முற்றத்து மணலும் அயல் வளவு மண்ணும் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போயின. ஆறாவது கிழமை ஒரு பக்க அறிக்கை வந்தது. தோரியக் குடும்பம் அயல் மண்ணைவிடக் கூடுதல்; ஆனால் இயற்கைக் கனிமங்களைக் கட்டுப்பாட்டுக்குள் எடுக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கும் அளவான கிலோகிராமுக்கு 1,000 பெக்கரலுக்கு நன்றாகக் கீழே. சீசியம் இரண்டு மண்ணிலும் ஒரே சிறு அளவு. மென்டில் பேணியைப் பெரியம்மா எறிய விடவில்லை. அது இப்போது ஆள் புழங்காத கோடிக் கொட்டிலின் வளையில், "தொடவேண்டாம்" என்று எழுதிய துண்டோடு இருக்கிறது. அறிக்கையை இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றைக் காணி வாங்கப் பேசியவருக்குக் கொடுத்தனுப்பினார். மற்றதை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.